பாலைமரத்தடியில் முளைத்த கன்றுகள்

சிதம்பரத்தில் தாவரவியல் முதுகலை படித்தபோது, 2006-ல், என் ஆய்வுக்காகக் கடலூருக்கு மேற்கே முந்திரித் தோப்புகளுக்கு நடுவில் இருந்த ஒரு சிறு காட்டுக்குப் போய் வந்தேன். அங்கே பெரிய பாலைமரங்கள் இருந்தன. பூத்தன, காய்த்தன. ஆனால் இளங்கன்று ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ஏன் என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை.

முதல் வாரத்திலேயே காரணம் கிடைத்துவிட்டதாக நினைத்தேன். கடலூர் பேருந்து நிலையத்தில் பாலைப்பழம் விற்கும் ஒரு அக்கா, மரத்தில் ஏறி, பழத்தோடு கிளைகளை அரிவாளால் வெட்டித் தள்ளிக்கொண்டிருந்தார்.

"இப்படி வெட்டினா மரம் என்னக்கா ஆகும்?" என்றேன்.

"ஒவ்வொண்ணா பறிக்க எனக்கு என்னா எட்டு கையா இருக்குது?" என்று சிரித்தார்.

பழம் பறிப்பதால்தான் கன்று இல்லை என்று எழுதி, ஆய்வேட்டின் நகலைக் காட்டுக்குப் பொறுப்பான அதிகாரியிடமும் கொடுத்தேன். அடுத்த கோடையில் பழம் பறிக்கப் போன பெண்களை வனக்காவலர் திருப்பி அனுப்பிவிட்டார்.

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்த ஐப்பசியில் போனபோது, உதிர்ந்த பழங்களின் விதைகள் மரத்தடியெங்கும் முளைத்திருந்தன. தை மாதம் போனால் ஒன்றுமில்லை. ஆடுகள் மேய்ந்திருந்தன. செம்மண் அள்ள வந்த டிராக்டர்கள் மிச்சத்தை நசுக்கியிருந்தன. கோடையில் மட்டும் பார்த்துவிட்டு, கண்ணெதிரே நின்றவர்மேல் முழுப் பழியையும் போட்டிருந்தேன்.

அக்காவைத் தேடிப் போனேன். கொய்யா விற்றுக்கொண்டிருந்தார். எழுதியது நான்தான் என்றேன்.

"கெளைய வெட்டலன்னு சொல்லலம்மா. வெட்டுன மரம் ரெண்டு வருசம் சரியா காய்க்காதுன்னும் தெரியும். ஆனா எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல? ஆடு எப்ப வருது, வண்டி எப்ப வருதுன்னு சொல்லியிருப்பமே."



அதிகாரிக்குத் திருத்தி எழுதினேன். பலமுறை அலுவலகத்துக்கு நடந்த பிறகு, கிளையை வெட்டாமல் பழத்தை உலுக்கி எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். டிராக்டர் வரும் வழியில் பள்ளம் வெட்டினார்கள். ஆடுகளைத்தான் தடுக்க முடியவில்லை. அடுத்த மழையில் முளைத்த கன்றுகளில் சிலவற்றைச் சுற்றி அக்காவும் நானும் முள் அடைத்தோம்.

2010-ல் அவற்றில் நான்கைந்து முழங்கால் உயரம் வந்திருந்தன; பாலை அவ்வளவு மெதுவாக வளரும் மரம். வெளியே முளைத்தவை எதுவும் மிஞ்சவில்லை.

"இதுங்க காய்க்கறத நீயும் பாக்கப் போறதில்ல, நானும் பாக்கப் போறதில்ல" என்றார் அக்கா. சொல்லிக்கொண்டே, சரிந்திருந்த முள்ளை நிமிர்த்தி வைத்தார்.