ட்ரயல் வண்டியில் அக்கா

அக்கா என்னோடு தங்க ஹைதராபாத்துக்கு வந்தபோது அவள் உடம்பில் பாதிக்கு வியர்க்காது. மதுரையில் புகுந்த வீட்டில் மண்ணெண்ணெய் ஸ்டவ் வெடித்து, கழுத்திலிருந்து இடுப்பு வரை வெந்து, நாலு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தவள். புண் ஆறிய இடத்தில் தோல் மினுமினுப்பாக, இறுக்கமாக இருந்தது. அந்தத் தோலுக்கு வியர்க்கத் தெரியாது என்று டாக்டர் சொன்னார். வெயில் ஏறினால் உடம்புச் சூடு வெளியே போக வழியில்லாமல் அவளுக்கு மூச்சு வாங்கும். சில நாள் மயங்கியும் விழுந்திருக்கிறாள்.

"உடம்பு தேறட்டும், அப்புறம் கூட்டிட்டுப் போறேன்" என்று மச்சான்தான் அவளைக் கொண்டுவந்து விட்டுப் போனார். நாலு வயது மகளை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் ஏசி செக்‌ஷனில் மெக்கானிக்காக இருந்தேன். டவுன்ஷிப்பில் இரண்டு அறை குவார்ட்டர்ஸ்.

காலையிலிருந்து மாலை வரை மெஷின்கள் இருக்கும் அறைகளைக் குளிரவைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அக்கா ஈரத்துண்டை முதுகில் போட்டுக்கொண்டு சிமென்ட் தரையில் உட்கார்ந்திருப்பாள். ஒரு கூலர் வாங்கி ஜன்னலில் மாட்டினேன். கரண்ட் போனால் அதுவும் இல்லை. வெளியே வா என்றால் வரமாட்டாள். கழுத்தைப் பார்ப்பார்கள் என்று பயம். மச்சானிடமிருந்து மாதம் ஒரு கடிதம் வரும். படிப்பாள், மடிப்பாள், பதில் என்னை எழுதச் சொல்வாள். "பிள்ளைக்கு முடி வெட்டிவிடச் சொல்லு. வேற ஒண்ணும் வேணாம்."

எண்பதுகளின் ஒரு ஏப்ரல் மாதம் அது. தொழிற்சாலையில் ஏசி வைத்த அம்பாசிடர் ஒன்றே ஒன்றுதான். டெல்லியிலிருந்து வரும் பெரிய அதிகாரிகளுக்கானது. திங்கட்கிழமை ஒருவர் வருகிறார், வண்டியில் அனல் காற்று வருகிறது என்று சனிக்கிழமை காலை என்னைக் கூப்பிட்டார்கள். பானட்டைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. கம்ப்ரஸருக்குப் பின்னால் ஹோஸ் சேரும் இடத்தில் எண்ணெய்க் கசிவு, அதன் மேல் தூசி அப்பியிருந்தது. கேஸ் போகும் இடத்தில் எண்ணெயும் கூடவே போகும். சோப்பு நுரையைத் தடவினேன். குமிழி மெதுவாக ஊதிக்கொண்டு வந்தது. ஹோஸை மாற்றி, வேக்குவம் பம்பை இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, பம்பை நிறுத்திய பிறகும் கேஜ் முள் நகராமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, சிலிண்டரிலிருந்து கேஸ் ஏற்றினேன். கேஸிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் ட்ரையர் மேல் ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும். அதற்குள் ஓடும் நுரை தெளிந்து தண்ணீர் மாதிரி ஆனால் போதும்.

நின்ற இடத்தில் அந்த வண்டி சரியாகக் குளிராது. ரோட்டில் ஓட்டிப் பார்த்தால்தான் நிச்சயம். டிரைவர் ஐம்பது வயதுக்காரர், பழைய நகரத்து ஆள். கேட்டைத் தாண்டியதும் அவரே ஆரம்பித்தார். என் அக்கா கதை டவுன்ஷிப்பில் எல்லோருக்கும் தெரியும்.

"கைக்கு அகேலே ஜானா? பெஹன் கோ பி பிட்டாலேவ்."

ஏன் தனியாகப் போக வேண்டும், அக்காவையும் ஏற்றிக்கொள் என்கிறார். கம்பெனி வண்டியில் வீட்டு ஆளை ஏற்றக் கூடாது. அதைச் சொன்னேன். "பர்தா ஹை நா" என்று பின் ஜன்னல்களில் தொங்கிய துணித் திரைகளைக் காட்டினார்.

அந்தத் திரையைச் சொல்லித்தான் அக்காவையும் கிளப்பினேன். யாரும் பார்க்க மாட்டார்கள் என்றேன். புடவைத் தலைப்பைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, வாசலிலிருந்து வண்டிவரை ஓடிவந்து ஏறினாள். நானும் பின்சீட்டில் உட்கார்ந்தேன். டாஷ்போர்டுக்குக் கீழே இருந்த துவாரங்களைப் பின்பக்கம் பார்க்கத் திருப்பிவிட்டேன்.

லிங்கம்பள்ளி போகும் வழியில் குளிர் பிடித்தது. அக்கா முதலில் கையை நீட்டிப் பார்த்தாள். அப்புறம் கழுத்துத் துணியைத் தளர்த்தினாள். இன்னும் கொஞ்ச தூரத்தில் தலைப்பை முழுக்க எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஏழெட்டு மாதமாக அவள் வாயால் மூச்சு விட்டுத்தான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு வாயை மூடி, மூக்கால் நிதானமாக மூச்சு விட்டாள்.

"ஸ்டவ் வெடிச்சது நிசம்தான்டா" என்றாள் திடீரென்று.

விபத்தா, வேறு எதுவுமா என்று இத்தனை மாதத்தில் நான் ஒருநாளும் கேட்டதில்லை.

"உங்க மச்சான் வாசப்படியில நின்னாக. நான் எரியறதப் பாத்துக்கிட்டே நின்னாக. பக்கத்து வீட்டு அக்கா சாக்கோட ஓடியாந்து, அவுகளத் தள்ளிக்கிட்டுத்தான் உள்ள வந்துச்சு."

"எவ்வளவு நேரம்க்கா?"

"தெரியல. நான் அவுக மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

டிரைவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தலைக்கு மேல் இருந்த கண்ணாடியில் ஒரு தடவை எங்களைப் பார்த்தார்.

"ஏன் நின்னீங்கன்னு கேட்டியா?"

"என்னத்தக் கேக்க? போய்த் தொலையட்டும்னு நெனச்சேன்னு சொல்லிட்டாகன்னா? பிள்ளை அங்கதான வளருது. அதுக்கு அவுக நல்ல அப்பாதான்." என் மணிக்கட்டைப் பிடித்தாள். "நீயும் கேக்கக் கூடாது. எழுதவும் கூடாது. சத்தியம் பண்ணு."

செய்துகொடுத்தேன்.

திரும்ப வேண்டிய இடம் வந்தது. டிரைவர் திரும்பவில்லை. "ஜரா ஔர் தேக்லேங்கே", இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று மட்டும் சொல்லிவிட்டு, கச்சிபௌலிப் பக்கம் பாறைகளுக்கு நடுவே போகும் ரோட்டில் வண்டியை விட்டார். அக்கா சீட்டில் சாய்ந்து தூங்கிப்போனாள். ட்ரயலுக்கென்று கொண்டுவந்த தெர்மாமீட்டர் என் சட்டைப் பையிலேயே கிடந்தது. அவள் விழிக்கும்வரை ஓட்டினோம்.

அவள் வண்டியிலிருந்து இறங்கியதை யாரோ பார்த்துச் சொல்லிவிட்டார்கள். எனக்கும் டிரைவருக்கும் மெமோ கிடைத்தது. அதற்குப் பிறகு அந்த வண்டியில் வேலை முடிந்தால் ட்ரயலுக்கு என்னை அனுப்புவதில்லை. அக்காவுக்கு இது தெரியாது. மறுபடி எப்போது போகலாம் என்று மே மாதத்தில் இரண்டு தடவை கேட்டாள். வண்டி வெளியூர் போயிருக்கிறது என்றேன்.

கோடையை எப்படியோ தாண்டினாள். செப்டம்பர் மழையில் சளி பிடித்தது. நெஞ்சுத் தோல் இறுகியிருந்ததால் இழுத்து மூச்சு விடவும் முடியவில்லை, இருமித் துப்பவும் முடியவில்லை. டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் ஐந்தாம் நாள் போய்விட்டாள்.

தந்தி கிடைத்து மச்சான் மறுநாள் வந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். எனக்கு அந்த அழுகையைப் பார்க்கப் பிடிக்கவில்லை. காரியம் எல்லாம் முடித்து மூன்றாம் நாள் செகந்திராபாத் ஸ்டேஷனுக்கு அவரை அனுப்பப் போனேன். வண்டி ஒரு மணி நேரம் தாமதம். பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அவர் காலடியில் அக்காவின் தகரப் பெட்டி. அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை.

"மச்சான், அன்னைக்கு நீங்க வாசப்படியிலேயே நின்னீங்களாமே."

அவர் அதிர்ச்சி அடையவில்லை. எதிர்பார்த்துக்கொண்டே இருந்தவர் மாதிரி தலையை ஆட்டினார்.

"கால் வரல மாப்ள. போடா போடான்னு மனசு சொல்லுது, கால் வரல. கத்துனேன்னுதான் ரொம்ப நாள் நெனச்சிருந்தேன். சத்தமே வரலன்னு பக்கத்து வீட்டம்மா சொல்லுது." முழங்கால் இரண்டையும் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். "ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதுலேர்ந்து என்னைய ஒரு மாதிரியாத்தான் பாத்தா. கேப்பா, கேப்பான்னு இருந்தேன். கேக்கவே இல்ல. நானா எப்படிய்யா அத எடுக்கறது?"

"எழுதியிருக்கலாமே."

"எழுதி எழுதிக் கிழிச்சேன்."

ரயில் வந்தது. பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன்.

அவர் சொன்னது உண்மைதானா என்று எனக்கு இன்றும் தெரியாது. சில நாள் அப்படியே நம்புகிறேன். சில நாள், மூன்று நாள் யோசித்துத் தயாராக வைத்திருந்த பதில் என்று தோன்றுகிறது. அவர் மறுகல்யாணம் செய்துகொள்ளவில்லை. மகளைப் படிக்கவைத்தார். அவள் கல்யாணத்தில் தாய்மாமனாக நான் மாலை எடுத்துக் கொடுத்தபோது, எதிரில் அவர் நின்றார். இரண்டு பேரும் சாப்பாடு ஆயிற்றா என்று கேட்டுக்கொண்டோம், அவ்வளவுதான்.

அக்கா வண்டியில் அதைச் சொன்ன நாளுக்கும் அவள் போன நாளுக்கும் நடுவே ஐந்து மாதம் இருந்தது. அந்த ஐந்து மாதத்தில் அவருக்கு நாலு கடிதம் எழுதியிருக்கிறேன். மருந்து பற்றி, வெயில் பற்றி, பிள்ளையின் முடி பற்றி. வாசப்படி பற்றி ஒரு வரிகூட இல்லை. கால் வரவில்லை என்ற ஒரு வரி அவரிடமிருந்து வந்திருந்தால் அக்கா நம்பியிருப்பாளா, நம்பாவிட்டாலும் காதால் கேட்டாவது வைத்திருப்பாளா, தெரியாது. ஒவ்வொரு கடிதத்தையும் ஒட்டுவதற்கு முன் அவளிடம் படித்துக் காட்டினேன். அவள் தலையசைத்த பிறகுதான் தபாலில் போட்டேன்.