வலது கைக்கு ஓர் உறை

தையல்காரருக்கு மகளைப் பற்றிப் பெருமையடிக்க அதிகம் வாய்த்ததில்லை. இரண்டு மாதம் முன்கூட்டிப் பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் ஆறு வாரம் கிடந்து வீடு வந்தவள். எடை ஏறியதே பெரிய காரியம். ஏழாம் மாதம், கிலுகிலுப்பையை எந்தப் பக்கம் ஆட்டினாலும் அவள் வலது கையையே நீட்டினாள். அன்றிலிருந்து அவர் தரையில் நடக்கவில்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்:

“இப்பவே வலது கைக்காரி. கத்திரி பிடிக்கப் பிறந்தவ.”

குறைமாதக் குழந்தைகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொண்டுவந்து காட்டச் சொல்லியிருந்தார்கள் ஆஸ்பத்திரியில். அவருக்கு அது வீண் அலைச்சலாகப் பட்டது.

“நல்லாத்தானே இருக்கா? கடையைச் சாத்திட்டு எதுக்கு அலையணும்?”

“நல்லா இருக்கான்னு அவங்க சொல்லட்டும். நீங்க சட்டைக்கு அளவெடுங்க, போதும்,” என்றாள் மனைவி.

ஆஸ்பத்திரியின் பயிற்சி அறையில் பிசியோதெரபிஸ்டான பெண்மணி, குழந்தையைப் பாயில் கிடத்தி, காலை நீட்டி மடக்கிப் பார்த்தாள். தையல்காரருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“கவனிச்சீங்களா மேடம்? எல்லாத்துக்கும் வலது கைதான். அவ்வளவு கெட்டிக்காரி.”

அவள் சிரிக்கவில்லை. குழந்தையின் வலது கையை மெல்லப் பிடித்துக்கொண்டு, சிவப்புப் பந்து ஒன்றை இடப்பக்கம் காட்டினாள். இடது கை மூடிய விரல்களோடு மார்பை ஒட்டியே கிடந்தது. குழந்தை பந்தைப் பார்த்துச் சிணுங்கியது.

“ஒரு வயசுக்குள்ள பிள்ளைங்க இந்தக் கைதான்னு முடிவு பண்றதில்ல சார். ஒரு கையே வருதுன்னா, இன்னொண்ணுக்கு முடியலையோன்னு பார்க்கணும்.”

அவர் பார்த்தது பொய்யில்லை. அதற்கு வைத்த பெயர்தான் தப்பு.

“அப்ப... அவ்வளவுதானா மேடம்?”

“யார் சொன்னது? ரெண்டு வயசுல தூக்கிட்டு வந்திருந்தா நான் கவலைப்பட்டிருப்பேன். இப்ப மூளை கத்துக்கிற வயசு. முழுசா சரியாகும்னு வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனா அந்தக் கையைச் சும்மா விடப்போறதில்ல.”

மனைவி அவரைப் பார்த்தாள். வீண் அலைச்சல் என்ற பேச்சை எடுக்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்; அது அவளுடைய பெருந்தன்மை.

தினமும் அரை மணி நேரம் வலது கைக்கு உறை மாட்டிவிட்டு, இடது கையோடு மட்டும் விளையாட வேண்டும். மற்ற நேரத்தில் இரண்டு கைக்கும் வேலை. உறையை அவரே தைத்தார். முதலாவதைக் குழந்தை வாயால் உருவி எறிந்தது. இரண்டாவதில் தையல் உள்ளே உறுத்தியது.

“இருபது வருஷத் தொழில்காரரோட துணியை ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டா பாருங்க,” என்றாள் மனைவி. பயிற்சி அறைக்குப் போய் வந்த பிறகு அந்த வீட்டில் யாரும் சிரித்தது அதுதான் முதல்முறை.

மூன்றாவது உறை கையில் நின்றது. முதல் சில வாரம் அரை மணி நேரமும் அழுகைதான். பிறகு மூடிய விரல்கள் லேசாகத் திறந்தன. பிறகு பந்தைத் தொட்டன; பிடிக்கவில்லை.

உறை மாட்டத் தொடங்கிய ஒன்பதாம் வாரம் ஒரு காலை, கடைக்குக் கிளம்பியவர் மகளை முத்தமிடக் குனிந்தார். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை அவள் இடது கை எட்டிப் பற்றியது. கோணல்மாணலான பிடிதான், ஆனாலும் பிடி.

“நிமிருங்க, கழுத்து சுளுக்கிக்கும். கடை திறக்க வேண்டாமா?”

“இருடி. அவளா விடட்டும்.”