மடியில் விழுந்த பொம்மைக் குழந்தை

ரொறன்ரோவில் இருப்பது கடல் அல்ல, ஏரி. அது எனக்குத் தெரியும். வந்த புதிதில், யாரும் பார்க்காத நேரம், விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறேன். உப்பில்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் அதற்குக் கடல் என்றுதான் பெயர். மறுகரை தெரியாத தண்ணீரை வேறு எப்படிச் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இல்லையென்றால் மனைவி காலையிலேயே கேட்பாள்: "இஞ்சேருங்கோ, கடலுக்குப் போவமே?"

அந்தக் கரையில் கோடை காலத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவரும் அவருடைய மனைவியும் பிள்ளைகளுக்குப் பொம்மைக்கூத்துப் போடுவார்கள். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட துணியால் ஆன ஒரு கூடு. உள்ளே ஓர் ஆள் நின்றால் தோள் இடிக்கும். மேலே ஒரு சின்ன ஜன்னல், அதுதான் மேடை. இங்கிலாந்தில் கடற்கரைக்குக் கடற்கரை இப்படி ஆடுவார்களாம். அந்த அம்மா கூத்துக்கு முன் அதைச் சொல்லும்போது எங்கள் ஏரியையும் கடல் என்றே சொன்னார். அன்றிலிருந்து எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

நான் சொல்லப்போகும் கோடையில் எங்கள் மகளுக்கு நாலு வயது. பிந்திக் கல்யாணம் செய்து பிந்திப் பிறந்த ஒரே பிள்ளை. அந்தச் செப்டெம்பரில் பள்ளிக்கூடம் தொடங்க வேண்டும். வீட்டுக்குள் வாய் ஓயாது. கதவுக்கு வெளியே கால் வைத்தால் ஒரு சொல் வராது. மல்வேர்னில் எங்கள் கட்டடத்து லிஃப்டில் யாராவது 'ஹாய்' என்றால் என் காற்சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். பள்ளிக்கூடத்தில் பதியப் போனபோது ரீச்சர் குனிந்து பெயரைக் கேட்டார். பதில் இல்லை. என்ன நிறம் பிடிக்கும் என்று கேட்டார். அதற்கும் இல்லை. கடைசியில் அவர் என் மனைவியிடம், பிள்ளைக்குக் காது கேட்குமா என்று மெதுவாக விசாரித்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மனைவி சொன்னாள்: "காது நல்லாத்தான் கேக்குது. தேப்பனைப் போல வாய்தான் இல்லை."

பகிடிக்குச் சொன்னதுதான். ஆனால் எனக்குக் குத்தியது. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். அந்த ஐந்து வருடத்தில் வகுப்பில் ஒரு தரம் கையை உயர்த்திய ஞாபகம் இல்லை. தெரிந்த விடையையும் விழுங்கிவிடுவேன். இப்போதும் ஒஷாவாவில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் கூட்டம் வைத்து என் பெயரைக் கூப்பிட்டால் காது இரண்டும் சுடும். எனக்கு அது பழகிவிட்டது. வாய் திறக்காமலும் ஒரு மனிதன் வாழலாம். ஆனால் அந்தச் சின்ன உடம்புக்குள் அதே சூட்டைப் பார்க்க என்னால் முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் தண்ணீர் விடாய்த்தால் யாரிடம் கேட்பாள்? யாராவது தள்ளிவிட்டால் என்ன சொல்வாள்? அந்தக் கோடை முழுக்க இதே யோசனை.

அன்றைக்குக் கரையில் காற்றுக் குளிர்ந்தது. மனைவி மகளுக்குப் புதிதாக வாங்கிய பச்சைக் கம்பளிச் சட்டையைப் போட்டுவிட்டாள். எங்கள் ஆட்கள் பிள்ளைக்கு எதையும் அளவாக வாங்க மாட்டோமே. வளருகிற பிள்ளை என்று பெரிதாகத்தான் வாங்குவோம். அவளுடைய கைகள் உள்ளேயே மறைந்துபோய், சட்டைக் கைகளின் நுனி வெறுமையாகத் தொங்கியது.

பிள்ளைகள் எல்லாம் கூட்டுக்கு முன்னால் மணலில் இருந்தார்கள். தாய் தகப்பன்மார் பின்னால் நின்றார்கள். மகள் என் விரலை விடவில்லை. அதனால் நானும் முன்வரிசையில், செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, சம்மணம் கட்டிக்கொண்டு இருந்தேன். கூத்துக்கு முன்னால் செருப்போடு இருக்க எனக்கு வராது.

அந்த அம்மா ஒரு சின்ன மேளத்தைத் தட்டினார். ஜன்னலில் நீண்ட மூக்கோடு ஒரு பொம்மை எழுந்தது. எழுந்து, பேசியது.

அந்தக் குரலை எப்படிச் சொல்வேன்! தகரத்தில் ஒரு பறவை செய்து அதற்கு உயிரும் கொடுத்தால் அப்படிக் கத்தும். ஒரு சொல்லும் விளங்காது. வெளியே நின்ற அம்மாதான் "என்ன, பசிக்குதா உனக்கு?" என்று கேட்டுக் கேட்டு அது சொல்வதை எல்லாருக்கும் விளங்க வைத்தார். கனடாவுக்கு வந்த பிறகு அன்றைக்குத்தான் ஒரு கூட்டத்தில் எல்லாருக்கும் என்னைப் போலவே ஒன்றும் விளங்காமல் இருந்தது. எனக்கு அது பெரிய ஆறுதல்.

மரத்தில் செதுக்கிய முகம். அதில் ஒரே ஒரு சிரிப்பு. ஆனால் தலையைக் கொஞ்சம் சரித்தால் அது கோபம், இன்னும் கொஞ்சம் சரித்தால் வெட்கம். ஒரு கையின் விரல்களுக்குள் ஒரு முழு மனிதன் இருந்தான். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த மூக்கனின் மனைவிப் பொம்மை வந்து, துணியில் சுற்றிய குழந்தையை அவனிடம் கொடுத்துவிட்டுக் கீழே போனாள். குழந்தை அழுதது. மூக்கன் ஆட்டினான். இன்னும் அழுதது. விசுக்கி விசுக்கி ஆட்டினான். வீரிட்டு அழுதது. பொறுக்க முடியாமல் குழந்தையை ஜன்னலுக்கு வெளியே எறிந்தான். வழமையாக அது மணலில் விழுமாம். பிள்ளைகள் உருண்டு சிரிப்பார்களாம். அம்மா எடுத்துக் கொடுப்பாராம். அன்றைக்கு அது என் மடியில் விழுந்தது.

நான் பிடித்தேன். அதோடு நின்றிருந்தால் ஒன்றுமில்லை. என் கை தானாகவே அதன் தலைக்குக் கீழே போனது. பிறந்த பிள்ளைக்குக் கழுத்து நிற்காது, தலையைத் தாங்கித்தான் எடுக்க வேண்டும் என்று மகள் பிறந்தபோது படித்த பாடம். முகத்தில் இருந்த மணலை ஊதிவிட்டேன். நெஞ்சோடு சாய்த்து முதுகில் தட்டவும் தொடங்கிவிட்டேன். பிறகுதான் கவனித்தேன், சிரிப்புச் சத்தம் நின்றுபோயிருந்தது. எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூக்கன் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, இரண்டு கையையும் விரித்து, தா என்று கீச்சிட்டான். எனக்குக் காது சுட்டது. கொடுத்துத் தொலைப்போம் என்று எழும்பினேன்.

"குடுக்காதேங்கோ அப்பா!"

அது யாருடைய குரல் என்று எனக்கு உடனே பிடிபடவில்லை. வீட்டுக்குள் மட்டும் கேட்கும் குரல் அது. திரும்பிப் பார்த்தால் மகள் எழுந்து நிற்கிறாள். பச்சைச் சட்டைக் கை தொங்க, முகம் சிவக்க.

"குடுக்காதேங்கோ! உவன் திருப்பியும் எறிவான்!"

மூக்கன் திடுக்கிட்டுப் பின்வாங்கினான். மெல்லத் தலையைச் சரித்து அவளைப் பார்த்தான். நெஞ்சில் கையை வைத்து, நானா என்பது போல ஒரு கீச்சு.

"பின்ன ஆர், நானே? பிள்ளையை உப்பிடி எறியிறதே?"

பின்னால் மனைவி தனக்குத்தானே சொல்லிச் சிரிப்பது கேட்டது: "அது என்ரை வாயெல்லோ!"

மகள் பேசியது தமிழ். மூக்கன் பேசியது தகரம். அங்கே இருந்த மற்றவர்களுக்கு இரண்டும் தெரியாது. ஆனால் ஒருவருக்கும் விளங்காமலும் இல்லை. மற்றப் பிள்ளைகளும் "நோ! நோ!" என்று அவளோடு சேர்ந்துகொண்டார்கள். விளக்கிச் சொல்ல நின்ற அம்மாவுக்கு வேலை இல்லாமல் போனது.

மூக்கன் வெட்கப்பட்டான். கீழே போய் ஒரு துணிப் பொட்டலத்தோடு வந்து ஆட்டிக் காட்டினான்.

"கெதியா ஆட்டாதை. மெல்ல."

மெல்ல ஆட்டினான்.

"தலையைப் பிடி!" அவள் தன் தலையைப் பிடித்துக் காட்டினாள். அவனும் பொட்டலத்தின் ஒரு முனையைப் பிடித்தான். மகளுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. மனைவிப் பொம்மை இறங்கிப்போன மூலையைக் காட்டி, "இல்லை. தாய் வரட்டும். தாயிட்டைத்தான் குடுப்பம்" என்றாள்.

தாய் வந்தாள். மகள் என்னிடமிருந்து குழந்தையை வாங்கி, தலையைத் தாங்கியபடி, தனியாக நடந்து போனாள். என் விரலைப் பிடிக்கவில்லை. நுனிக்காலில் நின்று நீட்டினாள். அந்தப் பொம்மை இரண்டு கையாலும் குழந்தையை வாங்கி, குனிந்து, வெறுமையாகத் தொங்கிய அவளுடைய சட்டைக் கைக்கு ஒரு முத்தம் கொடுத்தது.

கூத்து முடிந்ததும் கிழவர் பின்பக்கத்தால் வெளியே வந்தார். அவ்வளவு குரலும் கூத்தும் காட்டிய மனிதன் எப்படி இருப்பான் என்று பார்க்க எனக்கு ஆவல். உயரமாக, கூன் விழுந்து, வியர்வையில் நனைந்திருந்தார். அந்தக் கீச்சுக் குரலைத் தந்த ஒரு சின்னத் தகட்டை வாயிலிருந்து எடுத்துக் கைலேஞ்சியில் சுற்றினார். என் முகத்தைப் பார்க்கவில்லை, என் வெறுங்காலைப் பார்த்தார். ஏதோ முணுமுணுத்தார். அவருடைய காது இரண்டும் சிவந்திருந்தன. அந்தச் சிவப்பை எனக்கு நன்றாகத் தெரியும்.

"உங்கள் மகளுக்கு நன்றி சொல்கிறார்" என்றார் அந்த அம்மா. "இவர் ஆட்களோடு பேசமாட்டார். கூட்டுக்குள் போனால்தான்."

அந்தளவு ஆங்கிலம் எனக்கு விளங்கும். நாங்கள் இரண்டு ஆண்களும் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இந்த வயது வரைக்கும் அவர் தன் கூச்சத்தைத் துரத்தவில்லை. அதற்கு முன்னால் ஒரு துணியைக் கட்டிவிட்டு, அதற்கு மேலால் கையை உயர்த்தியிருக்கிறார். இப்படியும் ஒரு வழி இருக்கிறதென்று எனக்கு ஒருவரும் சொன்னதில்லை.

திரும்பும்போது தெருவில் ஓடும் ஸ்ரீட்கார் ரயிலில் ஒரு பெண் மகளைப் பார்த்துச் சிரித்தாள். மகள் என் காற்சட்டையில் முகத்தைப் புதைத்தாள். "பழைய குருடி கதவைத் திறடி" என்றாள் மனைவி. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

செப்டெம்பரில் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அதே பச்சைச் சட்டை. அவள் இன்னும் அதற்கு வளரவில்லை. வாசலில் அதே ரீச்சர் குனிந்து பெயரைக் கேட்டார். பதில் இல்லை. என் நாக்கு நுனிக்கு அவளுடைய பெயர் வந்துவிட்டது. விழுங்கினேன்.

அப்போது பச்சைச் சட்டைக் கை ஒன்று மெல்ல மேலே எழுந்தது. உள்ளே இருந்த சின்னக் கை அதன் நுனியை மடக்கித் தலையாக்கியது. அந்தத் தலை கொஞ்சம் சரிந்து ரீச்சரைப் பார்த்து, பிறகு குனிந்து கும்பிடு போட்டது. தகரத்தில் கீறியது போல ஒரு கீச்சுக் குரல் என் மகளின் பெயரைச் சொன்னது.

ரீச்சர் சிரிக்கவில்லை. மகளின் முகத்தை விட்டுவிட்டு, சட்டைக் கையைப் பார்த்து 'குட் மோர்னிங்' சொல்லி, ஒரு விரலை நீட்டினார். சட்டைக் கை அந்த விரலைக் கவ்விப் பிடித்துக் குலுக்கியது. பிறகு அது முன்னே போக, என் மகள் அதற்குப் பின்னால் வகுப்புக்குள் போனாள்.