விலாவில் இருக்கும் மிச்சம்

குளிக்கும்போது வலப்பக்க விலாவில் சோப்புக் கை ஓரிடத்தில் தயங்கும். தோலுக்கு அடியில் பேரீச்சங்கொட்டை அளவுக்கு ஒன்று தட்டுப்படும். கட்டி இல்லை. என் மூக்கைச் சரிசெய்த டாக்டர் எனக்கென்று எடுத்து வைத்த மிச்சம்.

கல்லூரி முடித்த வருடம், கரிவலம்வந்தநல்லூர் சாலையில் அண்ணனின் பைக்கிலிருந்து விழுந்ததில் என் மூக்குத்தண்டு அமுங்கிப்போனது. திருநெல்வேலியில் அந்த டாக்டர் விலாவின் குருத்தெலும்பைச் செதுக்கி உள்ளே வைத்து மூக்கை நிமிர்த்தினார். நான் பயந்தபோது தன் வேலையை விளக்கியே பயத்தைப் போக்கினார். "ஒரு பக்கம் மட்டும் சீவுனா குருத்து வளைஞ்சிரும் மக்கா. ரெண்டு பக்கமும் சமமா சீவி, உப்புத்தண்ணியில போட்டு, எந்தப் பக்கம் திரும்புதுன்னு பாத்துட்டுத்தான் வைப்பேன்." தையல் பிரிக்கும் நாளில் இன்னொன்றும் சொன்னார். "அப்படியும் சிலது பொறவு கோணும். மிச்சத்த விலாத் தோலுக்குள்ளேயே வச்சிருக்கேன். கோணுச்சுன்னா வா, திரும்ப விலாவ அறுக்க வேண்டாம்."

நிமிர்ந்த மூக்கோடு சங்கரன்கோவிலுக்கு வாழ வந்தேன். "ஆபரேஷன் கதைய அங்கன மூச்சு விடாத, ஏட்டி" என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். விலாத் தழும்புக்குக் கணவரிடம் ஏதோ சின்ன வயதுக் கதை சொன்னேன். இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு மூக்கு இடப்பக்கம் லேசாகச் சாய்ந்தது. சரிசெய்யப் போனால் பொய் வெளிப்படும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

ஒரு கல்யாண மண்டபத்தில் மாமியாரோடு பந்திக்கு நின்றபோது அந்த டாக்டர் நேரே என்னிடம் வந்தார். கண்ணைப் பார்க்கும் முன் மூக்கைத்தான் பார்த்தார். "மக்கா, இடப்பக்கம் லேசா..." என்று ஆரம்பித்ததும் மாமியார் திரும்பி, "யாரு இது?" என்றார்.

"தெரியலையே அத்தை. ஆள் மாறிப் பேசுதாரு போல."

எப்படித்தான் அந்த வாய் வந்ததோ. டாக்டர் மாமியாரைப் பார்த்துக் கைகூப்பி, "மன்னிக்கணும்மா, வயசாயிட்டு, கண்ணு சரியாத் தெரிய மாட்டேங்கு" என்றார். மயிரிழைக் கோணலைக் கண்டுபிடித்த கண்ணை எனக்காகக் குருடாக்கிக்கொண்டு, சாப்பிடாமலே வெளியேறினார். நான் இலையில் உட்கார்ந்து பாயசம் வரை சாப்பிட்டேன்.

மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார். கணவரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், "இதுக்கா இவ்வளவு ஒளிச்ச?" என்று சிரித்தார். டாக்டர் இன்னும் வைத்தியம் பார்க்கிறாராம். திருநெல்வேலி பஸ் எங்கள் தெரு முனையில்தான் நிற்கிறது. நான் ஏறவில்லை. கோணல் மூக்கோடு ஊரெல்லாம் நடக்க முடிகிறது, அவர் முன்னால் போய் நிற்கத்தான் முகமில்லை.

இன்று காலையும் கை அந்த இடத்தில் தயங்கியது. நான் வருவேன் என்று நம்பி அவர் வைத்தது அப்படியே இருக்கிறது.