அக்காவுக்குச் சொன்ன ஒன்றரை மணி நேரம்

பெங்களூரிலிருந்து தூத்துக்குடிக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தான் என்று அக்காவிடம் பீற்றிக்கொண்டவன் நான்தான். காக்ஸ் டவுனில் என் வீட்டிலிருந்து விமான நிலையம் போய்ச் சேரவே அதற்குமேல் ஆகிவிடும் என்பதைச் சொல்லவில்லை. பெருமையடிக்கும்போது அதெல்லாம் யார் சொல்வார்கள்?

அம்மா போனபின் என்னை வளர்த்தவள் அக்கா. அவளைக் கட்டிக்கொடுத்தது தூத்துக்குடி விமான நிலையத்துக்கு அடுத்த ஊரில். மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது எங்கள் ஊர் விமானம் இறங்குவது தெரியுமாம். நான் சொன்ன கணக்கை வைத்துக்கொண்டு அதை டவுன் பஸ் மாதிரியே நினைத்துவிட்டாள்.

"ஒன்னர மணி நேரந்தானல, அசனத்துக்கு வந்துட்டுப் போ" என்றாள் போன வருடம். அசனம் என்றால் அவர்கள் கோயிலில் ஊரே கூடி ஆக்கிச் சாப்பிடும் விருந்து. குடும்பத்துக்கு ஒரு பங்கு வீட்டுக்கும் கொடுப்பார்கள். என் பெயருக்கும் அக்கா இன்னும் ஒரு பங்கு வாங்குகிறாள்.

லீவு கிடைக்கவில்லை என்றேன். பொய். நான் கேட்கவேயில்லை. போனால் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து சொந்தக்காரர்களுக்கெல்லாம் பதில் சொல்லவேண்டுமே என்ற அலுப்பு.

அசனம் நடந்த அதே நாளில் ஆபீஸில் என்னைத் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். காலையில் போய் சாயங்காலம் திரும்பவேண்டும். வர முடியாது என்று சொன்ன வாயால் வருகிறேன் என்று எப்படிச் சொல்வது? சொல்லாமலே போய் இறங்கினேன்.

டாக்ஸி கொஞ்ச தூரம் போனதும் நின்றுவிட்டது. அசனத்துக்கு வந்த கூட்டம் சாலையை அடைத்து நின்றது. அப்போதுதான் போன் அடித்தது.

"எங்கல இருக்க?"

"பெங்களூர்லதான்க்கா, ஹெப்பாள்ல. டிராஃபிக்ல மாட்டிக்கிட்டேன்."

டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் வெளியே பார்த்தேன். பத்தடி தூரத்தில், ஒரு கையில் தூக்குவாளியும் மறுகையில் போனுமாக அக்கா வரிசையில் நின்றிருந்தாள். நன்றாக நரைத்துப்போயிருந்தாள். சட்டென்று சீட்டுக்குக் கீழே குனிந்துகொண்டேன்.

"ஒங்க ஊரு பிளேன் இப்பந்தான் எறங்குச்சு. பாத்துட்டுத்தான் கோயிலுக்கு வந்தேன். ஒம் பங்கயும் வாங்கி வைக்கேன். சாயங்காலம் வரைக்கும் சோறு தாங்கும், கேட்டியா?"

"சரிக்கா" என்றேன், குனிந்தபடியே.

டிரைவர் மெதுவாகக் கேட்டார்: "தெரிஞ்சவங்களா சார்? ஓரமா நிறுத்தட்டுமா?"

"இல்ல. நீங்க போங்க."

இதை எழுதும்போதுகூட முகம் சுடுகிறது. அவளைத் தெரியாது என்று சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு பார்சல் வந்தது. எனக்காக எடுத்து வைத்த சோற்றைப் பிசைந்து, வெயிலில் காயவைத்து, வத்தலாக அனுப்பியிருந்தாள். வந்து சேர மூன்று நாள் ஆகியிருந்தது.

அசனத்தன்றைக்கு நான் சென்னை போனதாகத்தான் என் மனைவி இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாள். வத்தலைப் பொரித்துத் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "பாவம், ஒருதடவ நேர்ல போய்ப் பாத்துட்டு வாங்களேன். ஒன்றரை மணி நேரம்தானே."

தலையைக் குனிந்துகொண்டு தின்றேன்.