தறிக்குச் சொன்ன சேதி

மருதமுனையில் வீட்டோடு சேர்ந்த கைத்தறிச் சேலைக் கடை அது. கடையை நடத்துபவர் மாமியார். முக்காட்டு நுனியைப் பல்லில் கடித்தபடி சேலை விரிப்பார். பேசுவதற்கு மட்டும்தான் அதை விடுவார். பக்கத்து அறையில் மருமகன் நெய்வார். இருவரும் நேருக்கு நேர் கதைப்பதில்லை. அது அவர்கள் வீட்டு மரியாதை. நடுவில் நின்று சேதி சொல்லும் மகள், குழந்தை பெற்று ஆஸ்பத்திரியில் இருந்தாள். அன்று அந்த வேலை சேலை வாங்கப் போன எனக்கு வந்தது.

என் தங்கை மகளின் கல்யாணத்துக்கு நான் கேட்டிருந்தது சிவப்புக் கரை. விரித்த சேலையிலோ கரை நீலம்.

"டீச்சர், மருமகன்கிட்டக் கேளுங்க, கண்ண எங்க வெச்சு நெய்தவராம்?"

நான் கதவோரம் போய், "சிவப்புக் கரை என்னாச்சு எண்டு மாமி கேக்கிறா" என்றேன். கோபத்தை வழியிலேயே விட்டுவிட்டேன்.

"சிவப்பு நூல் முடிஞ்சு போச்சு டீச்சர். மாமிக்கிட்டச் சொல்லியனுப்ப வீட்டில ஆரும் இல்ல. என்ட பிழைதான். கல்யாணத்துக்கு முந்தி நெய்து தாறன் எண்டு சொல்லுங்க."

நான் திரும்பிச் சொல்லுமுன்பே மாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆள் இல்லாட்டித் தறிக்கிட்டச் சொல்லச் சொல்லுங்க. எனக்குக் கேக்கும்."

உள்ளேயும் சிரிப்பு, பிறகு தறிச் சத்தம்.

காரைதீவில் நானும் கணவரும் பிள்ளைகளுக்கு டியூஷன் வகுப்பெடுக்கும் டியூட்டரி நடத்துகிறோம். எங்களுக்கு நடுவில் கதவே இல்லை. வாரத்தில் பாதி நாள் பேச்சும் இல்லை.

நான் செருப்பைப் போடும்போது பின்னால் மாமியாரின் குரல் உயர்ந்தது: "தறியே, சோறு ஆறுது!"

தறி நின்றது.