பருந்துக் கணக்கும் மலைக் கணக்கும்

என் வீட்டுக்காரர் பாடசாலையில் புவியியல் படிப்பிக்கிறவர். அதனாலோ என்னவோ, எந்த இடமானாலும் அது எங்கே இருக்கிறது என்று ஒரு தரம் நிச்சயம் செய்துகொண்டால்தான் அவருக்குச் சோறு இறங்கும். சில வருடங்களுக்கு முன் கித்துல்கல பக்கம் வெளிநாட்டுக்காரர்களைக் காட்டுக்குள் கூட்டிப்போகிற ஒருவரிடமிருந்து பழைய ஜி.பி.எஸ். கருவி ஒன்றை வாங்கி வந்தார். சவுக்காரக் கட்டி அளவு. ஒரு சின்னத் திரை, பக்கத்தில் நாலைந்து பொத்தான், கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு நாடா. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு பேர் இல்லை, மூன்று பேர்.

"அதான் ஃபோன்ல இருக்கே, இது என்னத்துக்கு?" என்று கேட்டேன்.

"காட்டுக்குள்ள ஃபோனுக்கு சிக்னல் எங்க வரும்? சார்ஜும் அரை நாள்ல எறங்கிரும். இதுக்கு ரெண்டு பென்டோர்ச் பெட்டரி போட்டா போதும். நேரா சட்டலைட்டுல இருந்து எடுக்கும்."

"நீங்க எப்பங்க காட்டுக்குள்ள போனீங்க?"

அதுவரை போனதில்லைதான். ஆனால் போகத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் எங்கள் ஊர் தெஹியோவிட்டவைச் சுற்றியுள்ள ரப்பர் காடெல்லாம் அவருடைய காலடியில்தான். கோயிலைச் சுற்றி வந்தாலும் அதற்கும் மீட்டர் பார்ப்பார். ரப்பர் இலை அடர்ந்து கிடந்தால் சட்டலைட் பிடிக்காது என்று மரத்தைக் குறை சொல்வார். இலை உதிர்கிற மாதம் வந்துவிட்டால் அவர் முகத்தில் தீபாவளி. எங்கள் வீட்டையும், மேலே ரப்பர் தோட்டத்தில் என் அக்கா குடியிருக்கும் லயத்து வரிசை வீட்டையும் முதல் நாளே அதில் பதிந்து வைத்துவிட்டார். பொத்தானை அழுத்தினால் ஒரு அம்பு, இதோ இந்தப் பக்கம் வீடு என்று காட்டும். வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டு அப்படிப் பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்டால், "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசன" என்பார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நானும் விடமாட்டேன்.

அக்கா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். எங்கள் பக்கத்தில் தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவையும் மலை என்றுதான் சொல்வோம். வேலைக்குப் போவது என்றால் மலைக்குப் போவது. அக்காவுக்கு அஞ்சாம் நம்பர் மலை. அடி நிரையில் தொடங்கி உச்சி நிரை வரைக்கும் மரத்துக்கு மரம் வெட்டிக்கொண்டே ஏறுவாள். பிறகு சிரட்டையில் வடிந்த பாலை வாளியில் ஊற்றிக்கொண்டு இறங்கி, நிறுக்கிற இடத்துக்குக் கொண்டுபோவாள். இலை உதிர்ந்த ஒரு நாள், இவர் அந்த ஜி.பி.எஸ். பெட்டியை அக்காவின் பையில் போட்டு அனுப்பினார். சாயந்தரம் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, அடி நிரையிலிருந்து உச்சி நிரை எத்தனை மீட்டர் உயரம் என்று வீட்டில் இருந்தவர்களுக்கெல்லாம் சொன்னார். அக்கா கேட்டுவிட்டு, "இத சொல்றதுக்கா என் பையில ஒரு கல்லத் தூக்கிப் போட்டீங்க?" என்றாள்.

அக்காவின் புருஷன், எங்கள் அத்தான், ரப்பர் ஃபேக்டரியில் வேலை செய்தவர். சீசனுக்குச் சீசன் சிவனொளிபாத மலைக்குப் போய்விடுவார். வந்து காலைத் தேய்த்துக்கொண்டே ஒவ்வொரு தரமும் ஒரே கதையைச் சொல்வார்.

"உச்சியில கோயில் மணிக்கு முதுகக் காட்டி நின்னு நேரா பாத்தேன் புள்ள. நம்ம லயத்துக் கூரை தெரிஞ்சிச்சு."

"பொய் சொல்லாதீங்க."

"பொய்யின்னா வந்து பாரு."

வருடா வருடம் இதே சண்டை. சிரிப்புச் சண்டைதான். அக்கா இரண்டு தரம் பார்க்கப் புறப்பட்டு, இரண்டு தரமும் பாதியில் திரும்பிவிட்டாள். இறங்கி வருகிறவர்களிடம் இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டதுதான் காரணம் என்பாள். பாதிகூட வரவில்லை என்று அவர்கள் சொன்னதும் கால் விட்டுப்போனதாம். அந்த மலையில் தூரம் கேட்கக் கூடாது, சொல்லவும் கூடாது என்பது ஏறுகிறவர்களுக்கெல்லாம் தெரிந்த வழக்கம். கேட்டால் வழி நீண்டுவிடும் என்பார்கள்.

அத்தான் ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டார். 'வந்து பாரு' என்றது அப்படியே நின்றுவிட்டது.

இந்த வருடம் அக்காவின் முழங்காலைக் கரவனெல்ல ஆஸ்பத்திரியில் காட்டினோம். மூட்டு தேய்ந்துவிட்டது, ஒப்பரேஷன் செய்ய வேண்டும், அதற்குப் பிறகு மலை, படி என்று ஏறவே கூடாது என்றார் டொக்டர். வெளியே வந்ததும் அக்கா சொன்னாள்: "அப்ப ஒப்பரேஷனுக்கு முந்தி போயிட்டு வந்துருவோம்." எங்கே என்று நாங்கள் கேட்கவில்லை. போகலாமா என்று டொக்டரிடமும் கேட்கவில்லை. அவர் என்ன சொல்வார் என்பது தெரியாதா?

சித்திரை லீவில் புறப்பட்டோம். நான், இவர், அக்கா. மூன்று பேரோடு அந்தப் பெட்டியும். அவிசாவளையில் பஸ் மாறும்போதே அக்கா இவரைக் கூப்பிட்டு, "தம்பி, ஒங்க பெட்டி என்ன வேணும்னாலும் சொல்லட்டும். என் காதுல தூரம் மட்டும் விழக் கூடாது" என்றாள்.

"சத்தியமா சொல்ல மாட்டேங்க்கா."

குருவிட்ட போய், அங்கிருந்து எரத்ன போய், நடக்கத் தொடங்கினோம். அந்த வழி நீளமானது, ஆனால் கூட்டம் குறைவு. ஒரு பக்கம் ஆற்றுச் சத்தம், காலடியில் பாசி பிடித்த கல், ஈரத்தில் அட்டை. அக்கா ஒரு கையில் தடியும் ஒரு கையில் சவுக்காரத் துண்டுமாக, அட்டை ஏறினால் தேய்த்துவிட்டுப் பேசாமல் நடந்தாள். ஓடையில் முகம் கழுவி, கொண்டுபோன ரொட்டியையும் சம்பலையும் சாப்பிட்ட வரைக்கும் நல்லபடியாகத்தான் போனது.

மனுஷனுக்கு வாய் சும்மா இருக்குமா? பெட்டியைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "பரவால்லையே! இன்னும் மூணே மூணு கிலோமீட்டர்தான்!" என்றார்.

அக்காவின் நடை கொஞ்சம் வேகமானதைப் பார்த்தேன். மூன்று கிலோமீட்டர் என்றால் தெஹியோவிட்ட கடைத்தெருவுக்குப் போய் வருகிற தூரம்தானே. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஏறினோம். மூச்சு வாங்க ஒரு கல்லில் உட்கார்ந்தபோது அக்காவே இவருடைய கழுத்தைப் பார்த்தாள். இவர் பெட்டியைப் பார்த்தார், தட்டினார், மறுபடி பார்த்தார்.

"என்னங்க?" என்றேன்.

"ரெண்டே முக்கால்."

"ஒரு மணித்தியாலம் ஏறி கால் கிலோமீட்டரா?"

"அது வந்து, இது நேர் கோட்டுல காட்டுற தூரம். இங்க இருந்து உச்சிக்கு ஒரு பருந்து பறந்துபோனா எவ்வளவோ, அவ்வளவு. பாதை வளைஞ்சு வளைஞ்சு போகுதுல்ல..."

"எங்கக்கா என்ன பருந்தா?" என்று போட்ட சத்தத்தில் மேலேயிருந்து இறங்கி வந்த வெள்ளைச் சேலை அம்மா ஒருவர் நின்றுவிட்டார். நடந்ததை யாரும் சொல்லாமலே அவருக்கு விளங்கிவிட்டது. இவருடைய கழுத்தில் தொங்கியதைப் பார்த்து, "துர அஹன்ன எபா, துர கியன்னத் எபா மஹத்தயா" என்றார். தூரம் கேட்கவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம் ஐயா என்று. சிங்களத்தில் சண்டையே பிடிக்கக் கூடிய மனுஷன், ஒரு வார்த்தை பேசாமல் பெட்டியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார். அந்த அம்மா அக்காவின் தோளைத் தொட்டு, அந்த மலையில் எல்லாரும் சொல்கிற மாதிரி 'கருணாவாய்' என்று வாழ்த்திவிட்டு இறங்கிப் போனார்.

ஆனால் காதில் விழுந்தது விழுந்ததுதான். அதற்குப் பிறகு அக்காவின் கால் இழுக்கத் தொடங்கியது. பொழுது சாயும்போது யாத்திரிகர்கள் தங்குகிற மடத்துக்கு எப்படியோ போய்ச் சேர்ந்தோம். அவள் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன். வீங்கியிருந்தது. எனக்கு இவர்மேல் வந்த கோபத்துக்கு அந்தப் பெட்டியை ஆற்றில் விட்டெறிந்திருப்பேன், ஆறு கீழேயே நின்றுபோனதால் தப்பித்தது.

காலையில் வெளிச்சம் வந்த பிறகு கடைசி ஏற்றம். செங்குத்தான படிகள், பக்கத்தில் பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி. அக்கா பத்துப் படி ஏறுவாள், நிற்பாள். பிறகு ஐந்து. பிறகு ஒரு படியில் உட்கார்ந்தவள் எழும்பவில்லை. ஆட்கள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. நான் இங்கயே இருக்கேன்" என்றாள். பிறகு, "மணிக்கு முதுகக் காட்டி நின்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க. அது போதும் எனக்கு" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. யாரோ பார்த்து வந்து சொல்வதைத்தான் இத்தனை வருடமும் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியிலும் அதேதானா?

அப்போது பார்த்து இவர் பையிலிருந்து பெட்டியை எடுத்தார். நான் முறைத்த முறைப்பில் எரிந்துபோயிருக்க வேண்டும். என்னைப் பார்க்கவே இல்லை. எதையோ முணுமுணுத்துக் கணக்குப் போட்டார். பிறகு அக்காவுக்குக் கீழ்ப்படியில் குந்தினார்.

"அக்கா, ஒங்க அஞ்சாம் நம்பர் மலை இருக்குல்ல. அடி நிரையில இருந்து உச்சி நிரை வரைக்கும்."

"ஆமா."

"அந்த மாதிரி இன்னும் மூணு மலை."

அக்கா அவரைப் பார்த்தாள். "மூணா?"

"மூணு."

"பால் வாளியோடயா?"

"வாளி இல்லக்கா."

"வாளி இல்லாம மூணு மலையா?" கம்பியைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். "இத நேத்தே சொல்லியிருக்கக் கூடாதா தம்பி? கிலோமீட்டரு, பருந்துன்னு என்னென்னமோ சொல்லி மனுசிய பயமுறுத்துறீங்க!"

அதற்குப் பிறகு அவள் ஏறியதைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். வேகமாக ஒன்றும் ஏறவில்லை. ஆனால் எங்கே போகிறோம் என்று தெரிந்தவள் மாதிரி ஏறினாள். நடுவில் நின்று, "இது ரோட்டோரத்து நிரை" என்பாள். இன்னும் கொஞ்சம் ஏறி, "இப்ப கல்லுக்கிட்ட நிக்கிறோம்" என்பாள். அவளுடைய மலையை இந்த மலைமேல் போட்டு ஏறிக்கொண்டிருந்தாள். ஒரு மலை முடிந்தது, இரண்டாவது முடிந்தது, மூன்றாவதும் முடிந்தது. உச்சி வரவில்லை. அக்கா திரும்பி இவரைப் பார்த்தாள்.

"இனி இருக்கிறது மலை இல்லக்கா. பால் நிறுக்கக் கொண்டுபோற தூரம்" என்றார், கூசாமல்.

கல்யாணம் கட்டிய நாளிலிருந்து இந்த மனுஷன் ஒரு எண்ணைக் குறைத்துச் சொல்லி நான் கேட்டதில்லை. கடைக்காரர் மீதியைக் கூடத் தந்தால் திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டு வருகிறவர். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

உச்சிக்கு வந்தோம். பாதத்தைக் கும்பிட்டோம். அங்கே ஒரு மணி உண்டு. எத்தனை தரம் மலையேறி வந்தோமோ அத்தனை தரம் அடிக்க வேண்டும். அத்தான் அடித்துக்கொண்டே இருந்திருப்பார். அக்கா ஒரே ஒரு தரம் அடித்தாள். பிறகு சேலையைச் சரிசெய்துகொண்டு, மணிக்கு முதுகைக் காட்டி நேராக நின்றாள்.

எதிரே வெறும் மேகம். வெள்ளைச் சீலை கட்டியது மாதிரி ஒன்றுமே தெரியவில்லை. அக்கா அசையாமல் நின்றாள். நான் இவரைப் பார்த்தேன். இவர் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார். கொஞ்சம் நடந்தால்தான் அந்த அம்பு சரியாகத் திரும்புமாம். ஆட்கள் வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் அக்காவுக்குப் பின்னால் வந்து, மணிப்பக்கமிருந்து அவளை நோக்கி நடந்து, அவள் பக்கத்தில் நின்றார். திரையில் 'அக்கா வீடு' என்று இருந்தது. அம்பு நேராக, அவள் பார்த்துக்கொண்டிருந்த பக்கமே காட்டியது.

"அக்கா, கொஞ்சம் இதப் பாருங்க."

அக்கா அந்தப் பெட்டியை முதல் தடவையாகத் தன் கையில் வாங்கினாள். அம்பைப் பார்த்தாள், பிறகு மேகத்தைப் பார்த்தாள். நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம். காற்று ஒரு பக்கமாகத் தள்ளியதில் மேகம் கொஞ்ச நேரம் விலகியது. மலைக்குப் பின்னால் மலை, அதற்குப் பின்னால் மலை, எல்லாம் ஒரே நீலம், பிறகு புகைமூட்டம். கூரை என்று ஒன்று எங்குமே இல்லை. இருக்கவும் முடியாது. அங்கிருந்து எங்கள் லயம் அத்தனை தூரம்.

"பொய்யன்" என்றாள் அக்கா. சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே சிரித்தாள். "பச்சப் பொய்யன். ஒரு கூரையும் தெரியல."

மேகம் மறுபடி மூடியது. அவள் அந்த அம்பை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"ஆனா இந்தப் பக்கந்தான் பாத்துக்கிட்டு நின்னுருக்காரு, இல்லயா தம்பி?"

"ஆமாக்கா. நேரா இந்தப் பக்கந்தான்."

"பெட்டியும் இல்லாம."

அக்கா பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்ப கேக்கலாந்தானே?" என்றாள். "வீட்டுக்கு எவ்வளவு தூரம்?"